நேற்றைய சாப்பாட்டுக்கு அப்புறம்

என் புருஷன் பரசுராமனுக்கு இருப்பது சாதாரணப் பிடிவாதம் இல்லை. பிள்ளைப்பாக்கத்தில் அவர் வகையறாவுக்கே அது பரம்பரைச் சொத்து. நிலமெல்லாம் சிப்காட்டுக்குப் போன பிறகும் அது மட்டும் போகாமல் தங்கிவிட்டது. நான் அவருக்குச் சொந்த அத்தை மகள்தான். சின்ன வயதிலிருந்து பார்த்த குணம், தெரிந்தேதான் கழுத்தை நீட்டினேன். யாரைக் குறை சொல்ல?

ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஷிப்ட் முழுக்க சிமென்ட் தரையில் நிற்க வேண்டும். நின்று நின்று இரண்டு முட்டியும் வீங்கிப்போய், கழிவறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கும் நிலைக்கு வந்தபோது, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வலிக்கு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார், காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு அப்புறம். கூடவே ஒரு கேப்சூல், காலையில் சாப்பாட்டுக்கு முன்னால்.

"வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும். இந்தக் கேப்சூல்தான் அதுக்குக் காவல். இதை விட்டுட்டு அதை மட்டும் சாப்பிடாதீங்க" என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கேப்சூலுக்கு கேஸ் மாத்திரை என்று பெயர். கேஸ் இருந்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் அலமாரியில் கிடக்கும். என் வீட்டில் அப்படி விடவில்லை. தினமும் காலையில் தண்ணீர் செம்போடு முன்னால் போய் நின்று விழுங்க வைத்தேன்.

ஆடி பிறக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் போய், ஆள் பிழைப்பேனா என்று இருந்த நேரத்தில், இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார், நான் எழுந்து வந்தால் அடுத்த ஆடியில் தீ மிதிப்பதாக. நான் எழுந்து வந்துவிட்டேன். ஆடியும் வந்துவிட்டது.

காப்புக் கட்டினால் தீ மிதித்து முடிக்கும்வரை ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சாயங்காலம் குளித்துவிட்டு. கவுச்சி வீட்டுப் பக்கமே வரக்கூடாது. வேலைக்குப் போகலாம், ஆனால் ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்து படுத்தாக வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் புதிது இல்லை. பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது. வந்தது என் கொழுந்தன் மோகனின் போனில்.

மோகன் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. ஆனால் போனில் வருவதெல்லாம் அவனுக்கு வேதவாக்கு. காப்புக் கட்டிய மறுநாள் காலையில் நான் கேப்சூலோடு நின்றபோது அவன் ஓடிவந்து தடுத்தான்.

"அண்ணே, அத்தத் துன்னாத! அந்தக் கூடு இன்னாத்துல செய்யறான் தெரியுமா? மாட்டு எலும்ப வேக வச்சி எடுக்கறானாம். வீடியோவே கீது பாரு."

அவர் வீடியோவைப் பார்த்தார். கேப்சூலைப் பார்த்தார். அப்புறம் அதை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

"காப்புக் கட்டிக்கினு எலும்பத் துன்னச் சொல்றியா சசி? தீ மிதிச்ச பிறகு போட்டுக்கறேன். எடுத்து வை."

"அப்போ வலி மாத்திரையும் வோணாம். ரெண்டையும் நிறுத்து."

"முட்டி வலியோட லைன்ல யார் நிக்கறது, நீயா? மாத்திர சோறா இன்னா, விரதம் கெட?"

"மாமா, சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும்னு டாக்டர் சொல்லிகீறாரு. நீ காலையில வெறும் வயித்துல போடற."

"நேத்து சாயங்காலம் சாப்ட்டேன்ல? அதுக்கு அப்புறம்தானே இது?"

மோகன் கெக்கெக்கே என்று சிரித்தான். எனக்கே ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. வாயால் அவரை ஜெயிக்க முடியாது. காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறோமே என்று அப்போதே பயந்தேன். ஆனாலும் நாலு சண்டை போட்டு அலுத்துப்போனேன். அதுவும் எனக்காகக் கட்டிய காப்பு. ரொம்பப் பேசினால், பிழைத்து வந்த நன்றி இல்லாதவள் என்று ஊர் சொல்லும்.

அப்புறம் ஒரு நாள் அவர் சட்டைப் பையைத் துவைக்க எடுத்தபோது வேறு ஒரு அட்டை இருந்தது. ஆரஞ்சு நிற மாத்திரை. கேட்டால், லைனில் அவரோடு நிற்கும் வனமாமலை கொடுத்தானாம். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வாடகை ரூமில் இருக்கிறான், அவனுக்கும் இடுப்பு வலி. "அண்ணாச்சி, வெள்ளை கேக்கலைன்னா இதையும் சேத்துப் போடுங்க, வேற மருந்துதான், சுள்ளுன்னு கேக்கும்" என்றானாம். அன்பாகத்தான் கொடுத்திருக்கிறான். கம்பெனியில் சோறு பகிர்ந்துகொள்கிற மாதிரி மாத்திரையையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

திருவிழா நெருங்க நெருங்க அவர் நிறம் மாறியது. நல்ல கறுத்த உடம்பு, அதில் ஒரு சாம்பல் பூத்தது. வாசல் கேட் வரைக்கும் நடந்துவிட்டு நின்று மூச்சு வாங்கினார். விரதத்தில் இளைத்திருக்கிறார் என்றார்கள் எல்லோரும். முகத்தில் களை வந்திருக்கிறது என்று மோகனின் மாமியார் சொன்னாள். களையாம் களை! ரத்தம் இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷம் முழுக்கக் கண்ணாடியில் அதைத்தானே பார்த்தேன். தூங்கும்போது அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். கோடுகளில்கூடச் சிவப்பு இல்லை.

"மாமா, ஒரு எட்டு ஆஸ்பத்திரி போயிட்டு வந்துருவோம்."

"ஞாயித்துக்கெழம தீமிதி. திங்கக்கெழம நீ எங்க கூப்ட்டாலும் வரேன். போதுமா?"

திங்கட்கிழமை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினேன்.

ஞாயிறு காலையில் அவர் குளிக்கக் குளத்துக்குப் புறப்பட்டுப் போன பிறகு, கழிவறையைக் கழுவப் போனேன். அவசரத்தில் தண்ணீர் சரியாக ஊற்றாமல் போயிருந்தார். சொல்ல அசிங்கம்தான், ஆனால் சொல்லத்தான் வேண்டும். தார் ரோடு போடும்போது வழியுமே, அந்தக் கறுப்பு. அதே பிசுபிசுப்பு. நாற்றமும் வழக்கமான நாற்றம் இல்லை, ரத்தக் கவிச்சி கலந்த நாற்றம். வாளியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மணிமங்கலத்தில் இருக்கும் நர்ஸ் அமலாவுக்குப் போன் போட்டேன். எங்கள் ஊருக்குத் தடுப்பூசி போட வருகிற நர்ஸ். ஆபரேஷனுக்கு அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டவள். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன்.

"சசிக்கா, அவர் இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா? அதுக்கும் கறுப்பாப் போவும்."

"இல்ல. வலி மாத்திரதான். ரெண்டு கலர்ல. வெறும் வயித்துல."

"அக்கா, உள்ளே வயித்துல ரத்தம் கசியுது. அதுதான் கறுப்பாப் போவுது. இது நாளைக்குப் பாக்கற விஷயம் இல்ல. இப்பவே கூட்டிட்டுப் போங்க. தண்ணிகூடக் குடுக்காதீங்க. மாத்திரை அட்டை எல்லாத்தையும் கையில எடுத்துக்குங்க."

அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு குளக்கரைக்கு ஓடினேன். செருப்புப் போட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. கோவில் எதிரில் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டியிருந்தார்கள், சாயங்காலத்துக்குள் கனலாக வேண்டும். அந்த அனல் தெருமுனை வரைக்கும் அடித்தது. இந்த அனலில் சாயங்காலம் அவர் இறங்கப்போகிறாரா என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

குளக்கரையில் கூட்டம். மஞ்சள் துணி கட்டியவர்கள் ஈரத்தோடு வரிசையாக நின்றார்கள். பூசாரி அப்பாவு கரகத்துக்குப் பூச்சுற்றி முடித்திருந்தார். பம்பைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்றாவது ஆளாக என் மாமன் நின்றார். பார்த்தவுடனே தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. ஆடியில் அத்தனை அனலிலும் அவர் உடம்பில் ரோமம் சிலிர்த்து, வியர்வை கொட்டியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். பம்பை வேகம் பிடித்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு அவரை முன்னால் கொண்டுவந்தார்கள். யாரோ ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். அப்பாவு வேப்பிலையோடு நெருங்கி, "யாரு வந்துகீறது? சொல்லு தாயி! இன்னா கொற வச்சோம்?" என்று கேட்டார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வராததால் பம்பையை இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

எனக்கு வாழ்நாளில் அப்படி ஒரு பயம் வந்ததில்லை. அத்தனை பேரும் கைகூப்பிக்கொண்டு, சந்தோஷமாக, என் கண் முன்னால் அவரைச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டையாவது போடலாம்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"வுடுங்க! அது ஆத்தா இல்ல! மயக்கம்! வயித்துக்குள்ள ரத்தம் போய்க்கினு கீது!"

"இன்னாடி பேசற?" என்று மோகனின் மாமியார் என் தோளைப் பிடித்து இழுத்தாள். "சாமி வந்த எடத்துல ரத்தம் கித்தம்னு. குத்தமாயிடப் போவுது. கம்முனு நில்லு."

"உங்க குத்தத்தக் கொண்டுபோய் குப்பையில போடுங்க!"

அவளைத் தள்ளிவிட்டு அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. "மாமா, நான்தான். சசி." கண் என்னைப் பார்த்தது, நிலைகொள்ளவில்லை. முழங்கால் மடிந்து உட்கார்ந்தார், நானும் கூடவே உட்கார்ந்தேன். அப்படியே என் மடியில் வாந்தி எடுத்தார். காப்பித்தூள் கரைத்த தண்ணீர் மாதிரி, கறுப்பும் பழுப்புமாக. அதன் பின்னாலேயே கொஞ்சம் சிவப்பும் வந்தது.

பம்பை தானாக நிற்கவில்லை. அப்பாவுதான் திரும்பிப் பம்பைக்காரன் கையைப் பிடித்து நிறுத்தினார். எனக்கு அவர் மேல் ஆயிரம் கோபம் இருந்தது, அந்த ஒரு காரியத்தில் போய்விட்டது.

"தூக்குங்கடா. மோகன், வண்டியக் கொண்டா" என்றார். "ஏம்மா நிக்கற, ஏறு. கரகத்த நாங்க பாத்துக்கறோம்."

கம்பெனி வேனின் பின் சீட்டில் அவர் தலை என் மடியில். மோகன் அழுதுகொண்டே ஓட்டினான். லாரிகளுக்கு நடுவே ஹாரனில் கை வைத்தபடியே போனான். ஊர் எல்லை தாண்டும்போது அவருக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"எங்க போறோம்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ராத்திரிக்குள்ள கொண்டாந்து வுட்டுடு சசி. காப்பு கீது. வெளிய தங்கக் கூடாது."

உயிர் ஊசலாடுகிறது, இவருக்கு ராத்திரி தங்குவதைப் பற்றிக் கவலை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. அவர் வலது கையைத் தூக்கி, மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். மோகன் கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"அண்ணி! தீ மிதிக்காம அவுக்கக் கூடாது அண்ணி! தெய்வக் குத்தம்!"

"நான் பொழைக்கணும்னுதானே கட்டினது? நான் பொழச்சி முழுசாக் குந்திகினுகீறேன். இனிமே இந்தக் கயிறு யாருக்கு? குத்தம் இருந்தா என் தலையில எழுதிக்கட்டும் உங்க ஆத்தா. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

வாய் அப்படிப் பேசியது. உள்ளே அதே ஆத்தாவிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தாயே, இவரை விட்டுவிட்டால் நான் மிதிக்கிறேன், என் தலையில் வேண்டுமானாலும் கனலைக் கொட்டு என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் மூக்குக்கு நேரே விரலை வைத்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டர் அம்மா. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், விரதம். ஒண்ணியும் சாப்பிடல" என்றான் மோகன்.

இந்த பதிலைக் கேட்டு அவர் வேறு வியாதியைத் தேடப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்தேன். டாக்டர் திருப்பிப் பின்பக்க எழுத்தைப் படித்தார்.

"ரெண்டும் ஒரே மருந்துதாம்மா. கம்பெனி பேரும் கலரும்தான் வேற. ரெட்டை டோஸ் போட்டிருக்கார். வயித்துக்குக் குடுத்த மருந்து எங்கே?"

நான் மோகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். கூடு, எலும்பு, காப்பு எல்லாவற்றையும் நானே சொன்னேன். டாக்டர் சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"கூடு இல்லாம மாத்திரையாவே அதே வேலை செய்யற மருந்து இருக்கு. எலும்பு கிலும்பு எதுவும் கிடையாது. மருந்துக் கடையில ஒரு வார்த்தை கேட்டிருந்தா, டாக்டருக்குப் போன் பண்ணி மாத்திக் குடுத்திருப்பாங்க" என்றார். சொல்லிக்கொண்டே கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு வார்த்தை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் மென்றுகொண்டிருந்தேன். வீடியோவைக் கேட்டோம், லைனில் நிற்கிற பையனைக் கேட்டோம், அம்மனைக் கேட்டோம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. உள்ளே குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் மோகன், "அண்ணி, நான்தானே அண்ணி" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை. "ரத்தம் வேணுமான்னு போய்க் கேளு. அழுதது போதும்" என்று அனுப்பினேன்.

டாக்டர் வெளியே வந்தபோது ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"இரைப்பையில ரெண்டு புண்ணு. ஒண்ணுல ரத்தக் குழாயே வாய் திறந்திருந்தது. கிளிப் போட்டு நிறுத்தியிருக்கோம். ரத்தம் ஏத்தறோம். திரும்பக் கசியாம இருந்தா பயம் இல்ல. சில நாள் பாக்கணும்."

"கசிஞ்சா?"

"பாக்கலாம்மா."

அந்த 'பாக்கலாம்' என்ற சொல்லோடுதான் அன்றைய பொழுதைக் கழித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்று அவர் சொன்ன திங்கட்கிழமை. ஜன்னலில் வெயில் ஏறியபோது கண் திறந்தார். ஒரு கையில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. உதட்டில் லேசாக நிறம் வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

"தீ மிதிச்சாங்களா?" என்று கேட்டார்.

"மிதிச்சாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவல."

வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் முகத்தைச் சுளித்துக் காலை அசைத்தார்.

"சசி. முட்டி ரொம்ப நோவுது. அந்த வெள்ள மாத்திர பையில கீதா? ஒண்ணு குடேன்."

எழுந்து பளார் என்று ஒன்று விட வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன், திட்டு வரவில்லை. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இரண்டு முட்டியும் பந்து மாதிரி வீங்கியிருந்தன. நேற்றிலிருந்து எல்லோரும் வயிற்றையே பார்த்தோம், அந்த முட்டியை யாரும் பார்க்கவில்லை. வலி போகவே இல்லை. வயிறு ஆறினாலும் இவர் அதே சிமென்ட் தரையில் போய்த்தான் நிற்பார். அப்போதும் வலிக்கும். அப்போதும் யாராவது அன்பாக ஒரு மாத்திரையை நீட்டுவார்கள்.

"இரு மாமா. கேட்டுகினு வரேன்."

"யார?"

நர்ஸ் மேஜைக்குப் போனேன். அங்கே மூன்று நர்ஸ்கள் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர், எங்க வூட்டுக்காரருக்கு முட்டி வலி தாங்கல. இந்த வயித்தோட அவருக்கு எந்த மாத்திர ஆவும், எது ஆவாது? இனிமே ஜென்மத்துக்கும் தொடக் கூடாதது எது? நல்லாப் பொறுமையாச் சொல்லணும்."

"டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாங்கம்மா, அப்பக் கேளுங்க. இப்ப போய் உக்காருங்க."

"டாக்டரையும் கேப்பேன். இப்ப நீங்க சொல்லுங்க."

"அம்மா, நிறைய பேஷன்ட் இருக்காங்க."

"இருக்கட்டும். நீங்க வேலைய முடிங்க. நான் நிக்கறேன்."

பின்னாலிருந்து அவர் கூப்பிடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், ஆனால் மேஜையை விட்டு நகரவில்லை.